தகரக் கூரையில் சோலார் தகடு: ஓட்டை மேட்டில், பிடி மரத்தில்



லயக் கூரையில் சோலார் தகடு பூட்ட நினைக்கிறீர்களா? "தகரத்துல நாலு ஆணி அடிச்சா பத்தாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பத்தாது. ஏன் என்று பார்ப்போம்.

காற்று என்ன செய்யும்?

தகடு பாரத்தால் கீழே இறங்கிவிடும் என்றுதான் பயப்படுகிறோம். ஆனால் காற்று அதை மேலே தூக்கும். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியா பக்கம் தென்மேல் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். தகரத்தில் மட்டும் பூட்டிய தகடு தகரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். லயத்துக்குக் கூரை ஒன்றுதான். நம் தகரம் பறந்தால் பக்கத்துக் காம்பராவிலும் மழை இறங்கும். கல்லோ டயரோ வைத்து இதைத் தடுக்க முடியாது.

ஏறுவதற்கு முன்

தோட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். உள்ளே இருந்து கைமரத்தையும் குறுக்குச் சட்டத்தையும் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது. முதலில் அதை மாற்ற வேண்டும். துருப்பிடித்த தகரமும் அப்படியே. அஸ்பெஸ்டஸ் கூரையைத் துளைக்கவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பூட்டும் முறை

1. தகரத்தின் ஆணி வரிசையைப் பாருங்கள். அதன் கீழேதான் குறுக்குச் சட்டம் இருக்கிறது. தாங்கும் கால்களை அந்த வரிசையிலேயே வையுங்கள்.

2. நெளிவின் மேட்டில் துளையிடுங்கள். பள்ளத்தில் வேண்டாம். மழைத்தண்ணீர் பள்ளத்தில்தான் ஓடும். அங்கே துளையிட்டால் ஒழுக்கு நிச்சயம்.

3. சாதாரண ஆணி கழன்றுவிடும். திருகாணியையே பாவியுங்கள். அது மரத்துக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும். சட்டம் மெல்லியதாக இருந்தால், அது கைமரத்தைக் கடக்கும் இடத்தில் பூட்டுங்கள்.

4. வெயில் தாங்கும் இறப்பர் வொஷர் போடுங்கள். சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டால் சீக்கிரம் வெடித்துவிடும். வொஷர் அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இறப்பர் பிதுங்கும், தகரமும் குழிந்துவிடும்.

5. தகரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் நான்கு அங்குலம் விடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் தகடு சூடேறினால் மின்சாரம் குறையும்.

6. துளையிட்ட இரும்புத் தூளையும் செம்புக் கம்பித் துண்டுகளையும் கூட்டி எடுங்கள். கிடந்தால் அந்த இடத்தில் தகரம் துருப்பிடிக்கும்.

உயிர் முக்கியம்

ஈரக் கூரையில் ஏறாதீர்கள். இடுப்பில் கயிறு கட்டி, அதைப் பலமான மரத்தில் கட்டுங்கள். ஆணி வரிசையில் மட்டும் காலை வையுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்கட்டும். வெளிச்சம் பட்டதுமே தகட்டில் மின்சாரம் வரும். ஆகவே வயர் இணைப்பைப் பழகிய மின் வேலையாளிடமே விடுங்கள்.

வேலை முடிந்த பின், முதல் பெருமழையில் கூரையின் உட்புறத்தைப் பாருங்கள். வருடம் ஒரு தடவை, ஏப்ரல் மாதத்தில், திருகாணிகளைச் சோதியுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• மேட்டில் ஏன் துளையிட வேண்டும்?
• நமது கூரையில் குறுக்குச் சட்டம் எங்கெங்கே இருக்கிறது?
• நமது மரம் அடுத்த பருவக்காற்றைத் தாங்குமா?