ஏழாம் பக்கத்து வாக்கியம்: இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்

தம்பி தயாரித்த எப்.ஐ.ஆர். ரத்து மனுவின் நகல் ஒத்தக்கடை டீக்கடை வரை வந்துவிட்டது. போராட்ட மேடையில் பேசியவர் மதப் பகையைத் தூண்டினார் என்பது வழக்கு. மனுவில் வால்டேருக்கு இரண்டு பக்கம், அம்பேத்கருக்கு ஒன்றரை. கட்சிக்காரர் என்னதான் பேசினார்? ஏழாம் பக்கத்தில், அதுவும் பாதி வாக்கியம். அங்கேதான் இதை எழுதும் மூத்தவருக்கு டீ ஆறிப்போனது.

வழக்கை முடிவு செய்வது பேசிய சொல்தான். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்த வாடிப்பட்டி வழக்கு தம்பிக்குத் தெரியும். இடதுசாரிப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்கான பயணம் என்று எழுதினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தமாம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 122ஆவது பிரிவையே போட்டது போலீஸ்! நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்தப் பதிவை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்.

அதே நீதிபதி 2022 ஜனவரியில் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையாவின் மனுவைப் பாதிதான் ஏற்றார். அருமனைக் கூட்டத்தில், செருப்பில்லாமல் நடக்கும் எம்.எல்.ஏ. ஒருவரைக் கிண்டல் செய்யப்போய்ப் பாரத மாதாவையும் இழுத்துவிட்டார் பாதிரியார். தொற்றுநோய்ச் சட்டம், மிரட்டல் எல்லாம் விழுந்தன. 153ஏ, 295ஏ, 505(2) நின்றன. பகுத்தறிவாளரோ நகைச்சுவைக் கலைஞரோ சொன்னால் வேறு, மதப் பிரசாரகர் சொன்னால் வேறு என்றது தீர்ப்பு. மூத்தவருக்கு இதில் உடன்பாடில்லை. அங்கியைப் பார்த்துப் பேச்சை அளந்தால், அரசைத் தட்டிக்கேட்கும் பாதிரியாரும் மௌல்வியும் சாமியாரும் என்ன செய்வார்கள்?

இன்னொரு எரிச்சல். 295ஏ-க்கு வேண்டுமென்றே, தீய நோக்கோடு மதத்தை இழிவுசெய்திருக்க வேண்டும். 153ஏ-க்கு இரு தரப்பை மூட்டிவிட்டிருக்க வேண்டும். தம்பியோ இரண்டையும் 'மனம் புண்பட்டது' என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டார். 2024 ஜூலைக்குப் பிறகு புதிய தண்டனைச் சட்டத்தில் எண்கள் 299, 196 என்று மாறினாலும் வித்தியாசம் மாறவில்லை.

பேச்சுதான் முதலில் என்பது பழைய பாடம். 2004இல் மதுரைக் கிளை வருவதற்கு முன், வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போன காலம். எப்.ஐ.ஆரில் உள்ள பேச்சை ஜூனியர் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் எழும்பூரில் சீனியருக்குக் காபி. மூத்தவர் வாங்கிக் கொடுத்த காபிகளுக்குக் கணக்கில்லை.

ஆனால் மனுவின் கடைசி இணைப்பு! முழுப் பேச்சையும் எழுதியெடுத்து, கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே கைதட்டியது என்று ஓரத்தில் குறித்திருக்கிறார் தம்பி. இத்தனை வருஷத்தில் எந்த ஜூனியரும் செய்யாத வேலை, மூத்தவரும் செய்ததில்லை. கூடுதல் மனுவிலாவது அது முதலில் வரட்டும், வால்டேர் கடைசிக்குப் போகட்டும். அப்படி வரும் அன்றைக்கு ஒத்தக்கடையில் டீ மூத்தவர் செலவு.