வலிக்காத புண்ணும் இரத்தம் கூறும் செய்தியும்

அதிகாலையில் பால்மரம் வெட்டச் செல்லும்போது காலில் முள் தைத்தால் வலிக்கும். உடனே அதனைப் பிடுங்கி எறிகிறோம். வலி, உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கையாகும். 'இனிப்பு நீர்' என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய், பல்லாண்டுகள் கட்டுக்கடங்காது போனால் அந்த எச்சரிக்கையையே பறித்துவிடுகிறது. பாதத்து நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்தக் குழாய்கள் குறுகிக் காலுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. காலணிக்குள் கிடந்த சிறு கல்லால் உண்டான புண்கூட, வலியின்றியே ஆழமாகிவிடும்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே, இஃது எவருடைய வீட்டிற்கும் பொருந்தும் செய்தியாகும்.

இத்தகைய புண்ணுடன் செல்வோரின் இரத்தத்தை மருத்துவர் சோதிக்கச் சொல்வதுண்டு. அது சர்க்கரையின் அளவை அறிவதற்கு மட்டுமன்று; அழற்சியை அறிவதற்குமாகும். அழற்சி என்பது கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டம். அதனைக் காட்டும் சோதனைகளுள் மூன்றை அறிவோம்.

முதலாவது, வெள்ளணுக்களின் எண்ணிக்கை. கிருமிகளுடன் போரிடும் இவை பெருகியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஈ.எஸ்.ஆர். நிமிர்த்தி வைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தாழ்கின்றன என்பதை இது அளக்கிறது. அழற்சி இருப்பின் அவை ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து இறங்கும். பாதப் புண் உள்ளவருக்கு இவ்வளவு 70 மில்லிமீட்டரைத் தாண்டினால், கிருமி எலும்பையும் தாக்கியிருக்குமோ என மருத்துவர் ஐயுறுவார்.

மூன்றாவது, சி.ஆர்.பி. என்னும் புரதம். இதனைக் கல்லீரல் உண்டாக்குகிறது. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் உயரும். சிகிச்சை பலனளித்தால் விரைந்து குறையும். மீண்டும் மீண்டும் இரத்தம் எடுப்பது இம்மாற்றத்தைக் காண்பதற்கே. அதற்காகச் சலிப்படைதல் வேண்டா.

எனினும், இரத்தம் மட்டுமே தீர்ப்புக் கூறிவிடாது. வேறு நோய்களாலும் இவ்வளவுகள் உயரலாம். கடுமையான கிருமித் தொற்று இருந்தும், நீரிழிவுக்காரர் சிலருக்குக் காய்ச்சலும் இராது, வெள்ளணுக்களும் பெருகா. ஆதலால் புண்ணை நேரில் காட்டுவதே முதன்மையானது.

வேலை முடிந்ததும் நாள்தோறும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைப்போம். உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்போம். இயலாதவர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். காலணியை உதறிய பின்னரே அணிவோம். புண்ணைக் கண்டால், 'வலிக்கவில்லையே' என்று மஞ்சள் பூசிக் காத்திராமல், அன்றே மருந்தகம் செல்வோம். ஒரு நாள் சம்பளத்தை ஈடுசெய்துவிடலாம். இழந்த காலை மீட்க இயலாது.