ஈப்பொறியை எங்கே மாட்டுவது?

ஆம்பூருக்கு அருகிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர்களில் பலருடைய பெற்றோர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள். உப்பிட்ட பச்சைத் தோலின் வாடையும் அதைத் தேடி வரும் ஈக்களும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல.

சத்துணவு நேரத்தில் ஈத்தொல்லை அதிகம் என்று சொன்னதும், முன்னாள் மாணவர் ஒருவர் நீல விளக்கும் மின்கம்பி வலையும் கொண்ட ஈப்பொறி ஒன்றை வாங்கித் தந்தார். எங்கே மாட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை. ப்ளக் பாயின்ட் இருந்த இடத்திலேயே, பரிமாறும் மேசைக்கு நேர் மேலே மாட்டிவிட்டோம். மூன்றாம் நாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டோடு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், சாம்பார்ல கருகுன ஈ றெக்கை கெடக்குது."

வேறு தட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "பசிக்கல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அந்த வாரம்தான் அதே வகுப்பில் ஒளி பற்றி நடத்தியிருந்தேன். பாடத்தில் இருந்ததைச் சுவரில் பார்க்கத் தவறியது நான்தான். மறுநாள் அந்த ஈப்பொறியையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

பூச்சி ஏன் விளக்குக்கு வருகிறது?

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காணும். ஈ முதலான பல பூச்சிகள் அதற்கும் குறைவான புற ஊதாக் கதிர்களையும் காணும். ஈப்பொறி விளக்குகள் 365 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களை வெளியிடுமாறு தயாரிக்கப்படுகின்றன. நமக்குத் தெரியும் நீல வெளிச்சம் அதில் ஒரு சிறு பகுதிதான்.

இரவில் பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு, 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு அதிவேகக் கேமராவில் பூச்சிகளைப் படம்பிடித்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. இயற்கையில் வெளிச்சமான பக்கம் வானம். ஆகவே முதுகு மேலே இருக்கும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அதையே வானம் என்று கொண்டு உடலைச் சாய்க்கிறது, வட்டமிடுகிறது, விலக முடியாமல் சிக்குகிறது. எல்லாப் பூச்சிகளும் இப்படி நடப்பதில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

எங்கே மாட்ட வேண்டும்?

பொறியை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, தட்டில் விழுந்த ஈக்களை மாணவர்கள் எண்ணிப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு நானே தட்டை எடுத்துக் கொடுத்தேன். வெயில் விழும் ஜன்னலருகே மிகக் குறைவாகவே விழுந்தன. சூரிய ஒளியோடு போட்டி போட அந்தச் சிறு விளக்கால் முடியவில்லை. நிழலான உட்சுவரில் கூடுதலாக விழுந்தன. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதிய விதிகள் இவை:

1. உணவு சமைக்கும், பரிமாறும் இடத்துக்கு மேலே மாட்டக் கூடாது. மின்வலையில் படும் ஈ சிதறும். உணவுள்ள அறைக்கு ஒட்டும் அட்டை வைத்த பொறியே நல்லது.
2. வாசல், ஜன்னல் வழியாக வெளியிலிருந்து விளக்கு தெரியக் கூடாது. தெரிந்தால் வெளியில் இருப்பதையும் உள்ளே அழைத்துவிடும்.
3. வாசலுக்கும் உணவுக்கும் நடுவே, ஈ உணவை அடையும் முன் சிக்கும்படி வைக்க வேண்டும். ஈக்கு ஆள் உயரம் போதும். கூரையை ஒட்டி வேண்டாம்.
4. விளக்கை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நீல வெளிச்சம் அப்படியே இருக்கும். புற ஊதாக் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.
5. கிருமி நீக்கும் புற ஊதா விளக்கை இதில் பொருத்தவே கூடாது. அது கண்ணையும் தோலையும் பாதிக்கும்.

எல்லாம் செய்தும் ஈக்கள் முழுமையாகக் குறையவில்லை. காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்: கை கழுவும் இடத்தருகே மூடியில்லாத எச்சில் வாளி. வெப்பமான காலத்தில் ஈயின் முட்டை பத்து நாட்களுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். விளக்கு பிடிப்பதைவிட வாளி வளர்ப்பது அதிகம். சமையலர் அக்கா வாளிக்கு மூடி போட்டு, தினமும் காலி செய்யத் தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

கொசுவுக்கு உதவுமா?

பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி இது. கொசு முக்கியமாக நம் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, உடல் வாடை, வெப்பம் ஆகியவற்றைத் தேடி வருகிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், மின்பொறிகளில் விழுந்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை 31 மட்டுமே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நீல விளக்கை நம்பித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து போடும் வீட்டில் டெங்கு ஆபத்து அப்படியே இருக்கும்.

வயலில் அதே அறிவியல்

எங்கள் வட்டார மானாவாரி நிலக்கடலையின் பெரும் பகை சிவப்புக் கம்பளிப்புழு. நல்ல மழை பெய்ததும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவரும். அந்த நாட்களில் இரவு 7 முதல் 11 மணி வரை விளக்குப்பொறி வைத்தால், முட்டையிடும் முன்பே பலவற்றைப் பிடிக்கலாம். விடிய விடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் கூடுதலாகச் சாகும். விளக்கின் கீழே தண்ணீர்த் தட்டு இல்லாவிட்டால், பூச்சியை வயலுக்கு விருந்துக்கு அழைத்ததாக முடியும்.

வகுப்பறைச் செயல்பாடு

வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, மாலை ஏழு மணிக்குப் பெரியவர் துணையோடு அரை மணி நேரம் விளக்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் மஞ்சள் எல்.இ.டி., மறுநாள் வெள்ளை எல்.இ.டி., அதற்கடுத்த நாள் சி.எஃப்.எல். பூச்சிகளைக் கொல்லாமல் எண்ணி, வரைபடம் வரையட்டும். அன்றைய நிலா, மழை, காற்று ஆகியவற்றையும் குறிக்கட்டும். முழுநிலா நாளில் எண்ணிக்கை ஏன் குறையலாம் என்று கேளுங்கள். விடை முதுகில் இருக்கிறது.

எங்கள் ஈப்பொறி இப்போது உட்சுவரில் இருக்கிறது. இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தவள் அன்று சாப்பிடாமல் போன அதே மாணவிதான். நாளை சாப்பாட்டு மணி அடிக்கும்போது உங்கள் பள்ளியிலும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். விளக்குக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?