வெறும் கேள்வி ஞானம் என்று எழுதியிருந்த தம்பிக்கு

தம்பிக்கு,

'நீங்கள்' என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் பேனா ஒத்துழைக்கவில்லை. என் பேரனைவிட உனக்கு ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். 'நீ' என்றே எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய பதிவை மூன்று நாளில் ஐந்து முறை கேட்டேன். கரகரப்ரியா ஆலாபனை நாலு நிமிடம், அப்புறம் தியாகராஜரின் 'சக்கனி ராஜ'. கூட வந்த கட்டுரையையும் படித்தேன். தேர்க்கடையில் வாங்கிய ஆறு துளைக் குழலில் தொடங்கியது, நம் கச்சேரிக் குழலுக்கு எட்டுத் துளை என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டது, பழைய இசைத்தட்டு ஒன்றின் பதிவை எட்டு மாதம் விடாமல் கேட்டுச் சங்கதி சங்கதியாக எடுத்தது, எல்லாம் சொல்லியிருக்கிறாய். எழுத வருகிறது உனக்கு. கடைசி வரி மட்டும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "யாரிடமும் கற்கவில்லை, என்னுடையது வெறும் கேள்வி ஞானம்" என்று முடித்திருக்கிறாய். பார்த்தால் அடக்கம் மாதிரி இருக்கிறது. அதற்குள் எவ்வளவு கர்வம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில் நானும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

தனியாகவே பதில் போட்டிருக்கலாம். இந்த வருடம் இதே வரியை எனக்கு எழுதிய மூன்றாவது பிள்ளை நீ. அதனால் ஊரறிய எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

விரல், மூச்சுப் பயிற்சி, குழல் பிடிக்கிற கோணம் இதைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவை உனக்கு வந்திருக்கின்றன. யாரும் காட்டாமல் எப்படி வந்தன என்று எனக்கு விளங்கவில்லை. வந்திருக்கின்றன.

என் வயிற்றெரிச்சல் வேறு. பல்லவியின் முதல் சங்கதியை எடுத்துக்கொள். 'ரா'வில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாய். 'ஜ'வுக்குப் புதிதாக ஒரு துத்துக்காரம் கொடுத்து அடுத்த மூச்சில் ஊதுகிறாய். ஐந்து தடவையும் அந்த இடத்தில் தாளம் போட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது எனக்கு. 'ராஜ' என்பது ஒரே சொல், தம்பி. பாடுகிறவன் தூக்கத்தில்கூட அங்கே வெட்டமாட்டான். அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று தெரியுமா? அழகான ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் நுழைவானேன் என்று மனத்தைக் கேட்கிறார் தியாகராஜர். நீ ராஜபாட்டைக்கு நடுவிலேயே ஒரு சந்து வெட்டியிருக்கிறாய்! அவர் சொல்கிற ராஜபாட்டை ராமபக்தி. பாட்டு கிளாஸைச் சொல்கிறார் என்று திரித்து உன்னை மடக்க மாட்டேன்.

"தட்டில் அப்படித்தான் ஐயா இருக்கிறது" என்பாய். இருக்கிறது. அதே தட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அந்த வித்வான் முதல் இரண்டு சங்கதியிலும் சொல்லை முழுசாக ஊதிவிடுகிறார். மூன்றாவதில், அடுத்து வரப்போகிற நீளமான பிடிக்காக, 'ரா'வில் ஒரு துளி மூச்சைத் திருடிக்கொள்கிறார். அதற்குள் கேட்கிறவன் காதில் சொல் உட்கார்ந்தாயிற்று, வெட்டு தெரியாது. நீ மூன்றாவதில் கேட்ட திருட்டை முதலாவதுக்கே கொண்டுபோய்விட்டாய். உனக்கு அது சொல்லாகவே கேட்கவில்லை. மூச்சு வாங்கத் தோதான இடமாகக் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. அனுபல்லவி முடிகிற இடத்தில் வேகம் பிடித்து ஓடுகிறாய், சட்டென்று நிறுத்துகிறாய், ஓர் ஆவர்த்தனம் சும்மா இருந்துவிட்டுப் பல்லவியை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாய். இதை உன் 'மனோதர்மம்' என்று யாரோ பாராட்டினதாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். தம்பி, அங்கேதான் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அந்தக் காலத்துப் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிடம். அதற்குள் முடித்தாகவேண்டும் என்று வித்வான்கள் கடைசியில் ஓடுவார்கள். மறுபக்கம் தொடங்கும்போது கேட்பவருக்கு நினைவூட்டப் பல்லவியை ஒரு தடவை எடுப்பார்கள். தியாகராஜர் செய்ததும் இல்லை அது, வித்வான் விரும்பியதும் இல்லை. அரக்குத் தட்டின் விட்டம் செய்த வேலை. அதையும் சேர்த்துப் பாடம் பண்ணியிருக்கிறாய்.

சுருதி விஷயமும் அதுவே. "தட்டின் சுருதி இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் இருந்தது, எந்தக் குழலும் சேரவில்லை, உதட்டை விலக்கி ஊதிச் சரிக்கட்டினேன்" என்கிறாய். படித்தபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைத்த கணக்கு. பழைய தட்டுகள் அதற்குக் குறைவாகவும் கூடவும் சுற்றிப் பதிவானவை. 75இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி அரைக்கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். அவர் வாசித்தது சாதாரண இரண்டு கட்டைக் குழலாகத்தான் இருக்கும். இல்லாத ஒரு சுருதியைப் பிடிக்க எட்டு மாதம் உதட்டை விலக்கி விலக்கி, இப்போது மேல் ஸ்தாயியில் உனக்கு நாதத்தோடு பாதி வெறும் காற்று கலந்து வருகிறது. உதட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இன்னோர் எட்டு மாதம் ஆகும்.

இதெல்லாம் காதால் கற்றதன் குற்றம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம், கேள்விக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக வைத்தவர். நடுவில் கல்லாமைக்கும் ஒன்று வைத்தார், குறும்புக்காரர். கேள்வி என்றால் எதிரே ஒருவர் வாய் திறந்து சொல்ல, இவன் கேட்பது. நீ கேட்டது ஒரு பெட்டியை. அதுகூடப் பரவாயில்லை. பெட்டியில் பாட்டைக் கேட்டிருக்கலாம். நீ குழலை மட்டும் கேட்டிருக்கிறாய். என் சண்டை அதோடுதான். நாற்பது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

நம் குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் எங்கள் கும்பகோணத்து சரப சாஸ்திரி. 1872இல் பிறந்து 1904இல் போய்விட்டார். சின்ன வயதிலேயே பார்வை போனவர். ஏட்டைப் பார்க்க வழியில்லை. காதைத் தவிர அவருக்கு வேறு கதியே கிடையாது. ஆனால் அந்தக் காதை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார்? தியாகராஜரின் நேர்ச் சிஷ்யரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் பாடுகிற இடத்தில். பாட்டு வாயிலிருந்து வந்தது, குழலை அவரே பார்த்துக்கொண்டார்.

மாலியைப் பார் என்று நீயும் எழுதியிருக்கிறாய். எல்லாரும் மாலியைத்தான் இழுக்கிறார்கள். திருவிடைமருதூரில் 1926இல் பிறந்தவர், குழலைத் தானே எடுத்துக்கொண்டவர், 1933இல் மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் வாசித்து ஊரை வாய்பிளக்க வைத்தவர். எல்லாம் சரி. அந்த வீட்டில் மாமா ஜால்ரா கோபாலய்யர் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாரே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? மாலியின் காதில் விழுந்தது வாய்ப்பாட்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை மாண்டலினில் எடுப்பான். வீணை எஸ். பாலசந்தரைச் சொல்லி என்னை மடக்கலாம். வீணையைத் தானாகவே பழகியவர்தான். அவருடைய அண்ணன் எஸ். ராஜம் பாபநாசம் சிவனிடம் பாடம் கேட்ட பாடகர் என்பதையும் சேர்த்துச் சொல். டி. விஸ்வநாதனை நேரில் கேட்கிற பாக்கியம் உனக்குக் கிடைக்கவில்லை. கச்சேரி நடுவில் குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அதே வரியைப் பாடுவார், பாடிய இடத்திலிருந்து மறுபடி ஊதுவார். எது குரல், எது மூங்கில் என்று ஒரு கணம் குழம்பும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மளிகைக் கடை. எதிரே டீக்கடை ரேடியோவில் திருச்சி நிலையம். புளி மடித்துக்கொண்டே கேட்பேன், ராத்திரி குழலில் தேடுவேன். பதினாறு வயதுக்குள் முப்பது உருப்படி. வாத்தியார் கிடையாது, ஊரே மெச்சியது. ஒரு நவராத்திரிக்கு நாயுடு வீட்டுக் கொலுவில் வாசித்தேன். அந்த வீட்டுப் பாட்டி சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கடைசியில வாசிச்சியே கண்ணு, அது என்ன பாட்டு?" என்றார். பாட்டின் பெயரைச் சொன்னேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அவர் பேத்திதான் சொன்னாள்: தினமும் விளக்கேற்றும்போது பாட்டி பாடுகிற பாட்டே அதுதான்.

மறு வாரம் அப்பா என்னை ஒரு பாட்டு வாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டார். அவர் குழலை வாங்கிப் பரணில் போட்டார். பதினோரு மாதம். ஸரளி வரிசையிலிருந்து வாயால் பாட வேண்டும். எனக்குக் குரல் உடைந்திருந்த நேரம், தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். குருகுலம் என்றால் எல்லாம் புனிதம் என்று உன்னிடம் கதைவிட மாட்டேன். அவர் வீட்டுக்கு நான் தூக்கிய தண்ணீர்க் குடத்துக்கும் சங்கீதத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொடையில் தாளம் போட்டே கன்றிப்போக வைப்பார், என் தொடையில். ஆனால் தெலுங்கைச் சொல் சொல்லாகப் பிரித்து அர்த்தம் சொல்லித்தான் பாட்டைத் தொடங்குவார். எங்கே மூச்சு விடலாம், எங்கே விட்டால் பாவம் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார்.

பதினோராவது மாதம் குழலை இறக்கினபோது உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் மண்ணை நோண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஊதிப் பார்த்தேன். விரல் துருப்பிடித்திருந்தது, நாதம் கரகரத்தது. மூச்சு மட்டும் சொல் முடிகிற இடத்தில் போய்த் தானாக நின்றது. வாத்தியார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு திட்டின பிறகு இதைச் சொல்லாவிட்டால் எனக்கு நரகம்தான். உன் ஆலாபனையில் மூன்றாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மத்யமத்திலிருந்து இறங்கி ஒரு காந்தாரத்தில் நிற்கிறாய். ஆள்காட்டி விரல் துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து அசைகிற அந்தக் காந்தாரம். புஸ்தகத்தில் அதற்கு 'க' என்று ஓர் எழுத்துதான் இருக்கும். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டபோது கமகத்துக்கென்றே தனித்தனி அடையாளம் வகுத்துக் கொடுத்தார். அவ்வளவு பெரியவர் போட்ட அடையாளமும் வாசலில் செருப்புக் கிடக்கிற மாதிரிதான், உள்ளே ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். என்னிடம் பத்து வருடமாக நோட்டுப் புத்தகத்தோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் அந்தக் காந்தாரம் வரவில்லை. எனக்கு வர முப்பது வயதாயிற்று. உனக்கு அது தேர்க்கடைக் குழலிலிருந்து வந்திருக்கிறது. நாலாவது தடவை கேட்டபோது என் வீட்டுக்காரியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். அவள் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டு, "யாரு, மாலியா?" என்றாள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி சாமானியமாக வராது.

அந்தக் காது உள்ளவன் தட்டின் கீறலையெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறானே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

உன்னைக் குழல் வாத்தியாரிடம் போ என்று சொல்லவில்லை. உன் ஊரில் பாடத் தெரிந்த யாராவது இருப்பார்கள். கச்சேரி பண்ணுகிறவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை, நல்ல பாடாந்தரம் உள்ள ஓர் அத்தையோ பாட்டியோ போதும். அப்படி யாரும் அகப்படாவிட்டால் இங்கே வா. மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். 'சக்கனி ராஜ'வைச் சொல் சொல்லாகப் பிரித்து வாயால் பாடுவோம். குரல் இல்லையே என்று யோசிக்காதே, என் குரலைக் கேட்டால் உனக்குத் தானாகத் தைரியம் வந்துவிடும். குழலை எடுத்து வராதே. பரணில் போடு, வாயில் ஒரு துணியை அடைத்துப் போடு. உங்கள் ஊரிலும் குளவி இருக்கும்.