புகைச் சோதனைக்கு முன்...

சரக்கு ஏற்றும் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் வணிகர்களாகிய நாம், புகைச் சான்றிதழை வெறும் காகிதமாக எண்ணக் கூடாது. கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல், நம் கைக்காசு.

பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டியில் புகை 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. சான்று 6 மாதமே செல்லும். 2019 சட்டத் திருத்தப்படி, அது இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

முதலில் ஏர் பில்டரைப் பார்ப்போம், அடைத்திருந்தால் மாற்றுவோம். அடுத்து டீசல் பில்டர், இன்ஜின் ஆயில். பிறகும் கரும்புகை வந்தால் நாசிலையும் பம்பையும் சோதிக்கக் கொடுப்போம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்டுவதே வழி.

சோதனையன்று வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, இன்ஜின் நன்கு சூடானபின் நிறுத்துவோம். கல்லாவைக் காக்கும் நாம் சைலன்ஸரையும் கவனிக்க வேண்டாமா?