ஆயிரம் அடி இடைவெளி

நுழையும்முன்

மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் எல்லையற்ற வெளியாகத் தோன்றுகிறது. இத்துணைப் பெரிய வெளியில் இரண்டு ஊர்திகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அத்தகைய மோதல் ஒன்று நாம் வாழும் தில்லிக்கு அருகிலேயே நிகழ்ந்தது. வானில் பறப்போர் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்துகொள்கின்றனர், எங்கே தவறுகின்றனர் என்பதை இப்பாடம் கூறுகிறது.

தில்லியில் வாழும் எவரும் பருந்தைக் காணாதிருக்க முடியாது. வெயில் ஏறியதும் அவை கூட்டங்கூட்டமாக வட்டமிடத் தொடங்குகின்றன. சற்று உற்றுநோக்கினால் ஒரு வியப்பு புலப்படும். பருந்து இறகை அசைப்பதே இல்லை. ஆயினும் ஒவ்வொரு வட்டத்திலும் மேலே மேலே செல்கிறது. தரையும் கூரைகளும் வெயிலால் சூடேறும்போது அவற்றை ஒட்டியுள்ள காற்று வெப்பமடைந்து, இலேசாகி, தூண்போல் மேலெழுகிறது. அந்த வெப்பக் காற்றின் மீதுதான் பருந்து ஏறிச் செல்கிறது.

பருந்தின் இந்த வித்தையை மனிதனும் கற்றுக்கொண்டான். கிளைடர் எனப்படும் ஊர்திக்கு எஞ்சின் கிடையாது. நீண்டு ஒடுங்கிய இறக்கைகளும், ஒருவரோ இருவரோ அமரத்தக்க மெல்லிய உடலும் மட்டுமே உண்டு. தரையில் உள்ள இழுபொறி நீண்ட கம்பிவடத்தால் அதனை இழுத்து மேலேற்றும். அல்லது எஞ்சின் பூட்டிய சிறு விமானம் ஒன்று அதனைக் கட்டி இழுத்துச் செல்லும். போதிய உயரம் அடைந்ததும் வடத்தைக் கழற்றிவிட்டு, வெப்பக் காற்றைத் தேடிக்கொண்டு தானே பறக்கத் தொடங்கும். நம் நகரின் நடுவில் உள்ள சப்தர்ஜங் விமானத் தளத்தில் ஒருகாலத்தில் இவை பறந்தன. பறக்கும் பயிற்சிக் கழகத்தின் எஞ்சின் விமானங்களும் அதே தளத்திலிருந்து எழுந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்புக் காரணங்களால் அங்கே இவ்விரண்டும் நின்றுபோயின. இப்பொழுது அவ்வழியே பேருந்தில் செல்வோர்க்கு அங்கு ஓர் ஓடுதளம் இருப்பதே தெரிவதில்லை.

எஞ்சின் உள்ள விமானமும் இல்லாத கிளைடரும் ஒரே வானில் பறந்தால் யார் யாருக்கு வழிவிடுவது? உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட வான்விதி இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. எஞ்சின் விமானம் கிளைடருக்கு வழிவிட வேண்டும். கிளைடர் வெப்பக்காற்றுப் பலூனுக்கு வழிவிட வேண்டும். விலகிச் செல்லும் ஆற்றல் யாருக்குக் குறைவோ அவருக்கே முன்னுரிமை. தலைச்சுமையோடு வருபவருக்குச் சந்தில் நாம் ஒதுங்கி நிற்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். இரண்டு ஊர்திகள் நேருக்குநேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்ப வேண்டும். நம் நாட்டுச் சாலையில் இடப்புறம் செல்கிறோம். வானிலோ உலகெங்கும் வலப்புறமே விதி. ஒரே வெப்பக் காற்றில் பல கிளைடர்கள் சுற்றும்போது, முதலில் நுழைந்தது எத்திசையில் சுற்றுகிறதோ அத்திசையிலேயே பின்வருவனவும் சுற்ற வேண்டும்.

விதிகள் நன்றாகவே உள்ளன. ஆனால், வழிவிட வேண்டுமெனில் எதிரே வருவது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

கிளைடர் பெரும்பாலும் வெண்ணிறமானது. முன்னிருந்து பார்த்தால் அதன் உடல் ஏறத்தாழ 60 செ.மீ. அகலமே இருக்கும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு தாளில் கூரிய பென்சிலால் ஒரு புள்ளி இட்டு, அத்தாளை ஒரு மீட்டர் தொலைவில் பிடித்துப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவே. இனி வேகத்தைக் கணக்கிடுவோம். தரையிறங்க வரும் ஜெட் விமானம் மணிக்கு 450 கி.மீ. வேகத்திலும், கிளைடர் 100 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். இடைவெளி மணிக்கு 550 கி.மீ. வேகத்தில் குறைகிறது. அதாவது, அந்த இரண்டு கிலோமீட்டரும் 13 நொடியில் தீர்ந்துவிடும். ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் உண்மையில் திரும்பத் தொடங்குவதற்கு 12 நொடிகளுக்கு மேல் தேவைப்படும் என்று வான் பாதுகாப்பு வல்லுநர்கள் கணித்துள்ளனர். ஆகவே, அந்தப் புள்ளி தோன்றிய நொடியிலேயே விமானி அதனைக் கண்டுவிட்டால்தான் தப்பலாம்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. நம் கண் அசைவை எளிதில் கண்டுகொள்ளும்; அசையாததைக் கவனியாது விட்டுவிடும். கூரை மூலையில் பல்லி ஓடும்போது நாம் உடனே திரும்பிப் பார்க்கிறோம். அசையாது ஒட்டியிருந்தால் நெடுநேரம் அறிவதில்லை. மோதும் பாதையில் வரும் ஊர்தி விமானியின் கண்ணாடியில் இடமோ வலமோ நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் புள்ளியாய் நிற்கும்; மெல்லப் பெரிதாகும்; இறுதி நொடிகளில் திடீரென விரியும். நகர்ந்து செல்லும் புள்ளி நம்மை விட்டு விலகிச் செல்கிறது. நகராத புள்ளியே நம்மை நோக்கி வருகிறது.

முகிலிலும் இருளிலும் கண் அறவே பயன்படாது. ஆகையால் பெரிய விமானங்களைக் கண்ணின் பொறுப்பில் விட்டுவிடுவதில்லை. தரையிலுள்ள கட்டுப்பாட்டு அலுவலர் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் உயரத்தை ஒதுக்குகிறார். ஒரே பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு இடையே ஆயிரம் அடி உயர வேறுபாடு இருந்தால் போதுமென்பது விதி. ஆயிரம் அடி என்பது ஏறத்தாழ 305 மீட்டர். குதுப்மினாரைப்போல் நான்கு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய அவ்வுயரம் வரும். இருவரும் சொன்ன உயரத்தில் நிற்கும்வரை அந்த இடைவெளி போதுமானதே.

1996 நவம்பர் 12. மாலை 6.32 மணிக்குச் சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானம் தில்லியிலிருந்து சவூதி அரேபியாவிலுள்ள தஹ்ரானுக்குப் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற இந்தியத் தொழிலாளர்கள். அதே நேரத்தில் கசகஸ்தானின் சிம்கண்ட் நகரிலிருந்து இல்யூஷின் 76 வகை விமானம் ஒன்று 37 பேருடன் தில்லியில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. தில்லியைச் சுற்றியுள்ள வான்வெளியின் பெரும்பகுதி அந்நாளில் விமானப்படைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே, பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதைதான் இருந்தது.

சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். கசக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். இதுவே கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணை. 15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கசக் விமானத்திலிருந்து செய்தியும் வந்தது. எதிரே போயிங் விமானம் வருவதை அலுவலர் அவர்களுக்கு எச்சரித்து, கண்ணில் பட்டால் தெரிவிக்குமாறும் கூறினார். ஆனால், அவர்கள் 15,000 அடியில் நிற்கவில்லை, மேலும் கீழிறங்கிக்கொண்டிருந்தனர். அன்றைய தில்லி விமான நிலையத்தில் பயன்பாட்டில் இருந்த ராடார் ஒரு விமானம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டியது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அது காட்டாது. விமானி சொல்வதே கணக்கு. உயரத்தையும் அறியவல்ல புதிய ராடார் அப்போது பணிக்கு வந்திருக்கவில்லை.

மாலை 6.40 மணியளவில், தில்லிக்கு மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், அரியானாவின் சர்க்கி தாத்ரி நகருக்கு அருகே இரண்டு விமானங்களும் முகிலுக்குள் மோதின. அவ்வழியே வந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானத்திலிருந்தோர் முகில் ஒன்று உள்ளிருந்து ஒளிர்வதைக் கண்டு தில்லிக்குத் தெரிவித்தனர். போயிங் விமானத்தின் சிதைவுகள் தாணி போகாட் சிற்றூரின் வயல்களிலும், இல்யூஷின் விமானத்தின் சிதைவுகள் பிரோகர் சிற்றூரின் பக்கத்திலும் விழுந்தன. 349 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நிகழ்ந்த மோதல்களுள் இத்துணை உயிர்களைப் பறித்தது வேறொன்றில்லை.

நீதிபதி ஆர்.சி.லகோத்தி தலைமையிலான ஆணையம் இதனை ஆராய்ந்தது. கசக் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட உயரத்தை விட்டுக் கீழிறங்கியதே விபத்துக்குக் காரணம் என அது முடிவு செய்தது. ஏன் இறங்கியது என்பதற்கு ஆணையம் கூறியவற்றுள் ஒன்று மொழி. அக்குழுவினருக்கு ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லை. கட்டுப்பாட்டு அலுவலரின் சொற்களைத் தவறாகப் பொருள்கொண்டனர். மேலும், தரையோடு பேசியவர் விமானத்தை ஓட்டியவர் அல்லர். வானொலி இயக்குநர் ஒருவர் பேசினார், விமானி ஓட்டினார். அந்த இயக்குநருக்கு எதிரே உயரங்காட்டும் கருவி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரத்தை அறிய வேண்டும். கேட்டவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு, ஒரு மொழியில் கேட்டதை மறுமொழியில் சொல்லும்போது எவ்வளவு தவறிப்போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் தில்லிக்கு வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் அறியும் ராடார் பணிக்கு வந்தது. இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. இக்கருவி செயல்படும் முறை எளியது. அது சுற்றிலும் வானொலி அலைகளை அனுப்பி, அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் விடைதரு கருவி தன் உயரத்தைக் கூறும். மோதும் அளவுக்கு நெருங்கினால் இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் கலந்துகொண்டு, ஒரு விமானியை மேலே ஏறவும் மற்றவரைக் கீழே இறங்கவும் பணிக்கும்.

கேட்பவர் கேட்டாலும் மறுமுனையில் விடை சொல்பவர் வேண்டுமல்லவா? 2006 ஆகஸ்டு 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகருக்கு இறங்கி வந்த ஹாக்கர் வகைச் சிறு ஜெட் விமானம் ஒன்று ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடருடன் மோதியது. ஜெட் விமானத்தில் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. கிளைடரில் டிரான்ஸ்பாண்டரும் இருந்தது. ஆனால், அதன் விமானி அதனை அணைத்து வைத்திருந்தார். எஞ்சின் இல்லாத ஊர்தியில் மின்சாரம் மின்கலத்திலிருந்துதான் வர வேண்டும். மின்கலம் தீர்ந்துபோகாமல் இருக்கவே அவ்வாறு செய்தார். ஜெட் விமானத்தின் கருவி கேட்டுக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. கருவியைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. கிளைடர் விமானி வான்குடை மூலம் குதித்து உயிர் தப்பினார். ஜெட் விமானம் மூக்குப் பகுதி சிதைந்த நிலையில், சக்கரங்களை இறக்க இயலாமல், கார்சன் சிட்டி ஓடுதளத்தில் வயிறு உரசத் தரையிறங்கியது. அதிலிருந்த ஐவரும் பிழைத்தனர்.

மின்கலத்தின் இந்தத் தொல்லைக்கு ஒரு மாற்றும் உண்டு. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஃபிளார்ம் என்னும் சிறு கருவியை 2004ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிளைடர் ஆர்வலர்கள் உருவாக்கினர். அது தன் இருப்பிடத்தையும் அடுத்த சில நொடிகளில் தான் செல்லவிருக்கும் பாதையையும் ஓயாமல் அறிவிக்கும். அதே கருவி உள்ள மற்றக் கிளைடரின் அறிவிப்பையும் கேட்கும். இன்று உலகில் பல்லாயிரம் கிளைடர்களில் அது பொருத்தப்பட்டுள்ளது. எனினும், பெரிய பயணிகள் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவிக்கு ஃபிளார்மின் பேச்சு கேட்பதில்லை. இரண்டும் இருவேறு மொழிகள் பேசுகின்றன. அதனால்தான் கிளைடர்கள் மிகுதியாகப் பறக்கும் இடங்களை வரைபடங்களில் குறித்துவைக்கின்றனர். அவ்விடங்களைக் கடக்கும் விமானிகள் இன்றும் கருவிகளிலிருந்து கண்ணை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே நகராது நிற்கும் வெண்புள்ளி ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்க்கின்றனர்.

சொற்பொருள்

வடம் – தடித்த கயிறு
முகில் – மேகம்
இடர் – துன்பம், ஆபத்து
மின்கலம் – பேட்டரி
வான்குடை – பாராசூட்
சிதைவு – உடைந்த பகுதி

பயிற்சி

1. விலகிச் செல்லும் ஆற்றல் குறைந்தவர்க்கு முன்னுரிமை அளிக்கும் வான்விதியைப் பாடத்திலுள்ள உவமையோடு விளக்குக.

2. விமானியின் கண்ணாடியில் நகராது நிற்கும் புள்ளி ஏன் ஆபத்தானது?

3. 1996ஆம் ஆண்டு விபத்தில் கட்டுப்பாட்டு அலுவலர் ஆயிரம் அடி இடைவெளி கொடுத்திருந்தார். அந்த இடைவெளி எவ்வாறு இல்லாமற் போனது?

4. பிரித்து எழுதுக: வானூர்தி, கம்பிவடம், வெண்புள்ளி, கடல்கடந்து.

5. ‘வான ஊர்தி’ என்னும் தொடர் புறநானூற்றிலேயே இடம்பெற்றுள்ளது. இப்பாடத்தில் வரும் ஓடுதளம், மின்கலம், வான்குடை ஆகிய சொற்களை அமைத்துச் சொந்தத் தொடர் எழுதுக.

6. செயல்பாடு: விளையாட்டுத் திடலின் இரண்டு மூலைகளிலிருந்து இரு மாணவர்கள் ஒரே புள்ளியை நோக்கிச் சீரான வேகத்தில் நடந்து வருக. நடக்கும்போது ஒருவர் மற்றவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே வருக. கையைத் திருப்ப வேண்டியிருந்ததா? இருவருள் ஒருவர் வேகத்தைக் குறைத்தபோது என்ன மாற்றம் ஏற்பட்டது? கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.

7. உங்கள் பெற்றோர் முதன்முதலாகத் தில்லிக்கு வந்தபோது, மொழி புரியாமல் ஒரு செய்தியை மாற்றிப் பொருள்கொண்ட நிகழ்ச்சி உண்டா எனக் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.