நாமக்கல் முட்டையும் அரியலூர் எலும்பும்: மழலையருக்கு ஒரு டைனோசர் பாடம்

மேச்சேரிப் பகுதியிலிருந்து குழந்தையைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் பெற்றோரின் பையில், மருந்துச் சீட்டுகளுக்கிடையே ஒரு ரப்பர் டைனோசர் தலைநீட்டுவதை அடிக்கடி காண்கிறோம். ஊசியைக் கண்டால் நடுங்கும் நான்கு வயதுக் குழந்தை, 'டைரனோசாரஸ்' என்னும் பெயரைப் பிழையின்றிச் சொல்லும். அச்சந்தரும் பெரிய விலங்கொன்று தன் கைக்குள் அடங்கியிருப்பதில் அதற்கொரு நிறைவு உண்டு. எதுவும் தன் விருப்பப்படி நடவாத மருத்துவமனை நாட்களில் அந்நிறைவு சிறிதன்று. அதைக் கொண்டே சில செய்திகளைக் கற்பிக்கவும் இயலும்.

பாடத்தைக் கோழியிலிருந்து தொடங்குங்கள். இன்றைய பறவைகள், இரண்டு கால்களால் நடந்த டைனோசர்களின் வழித்தோன்றல்கள். நாமக்கல் முட்டையை அங்கன்வாடியில் உண்ணும் குழந்தைக்கு, டைனோசரும் முட்டையிட்டது என்பது எளிதில் விளங்கும். மழை ஓய்ந்த மறுநாள் முற்றத்து ஈரமண்ணில் கோழி நடந்த தடத்தைக் காட்டுங்கள்: முன்னால் மூன்று விரல்கள். டைரனோசாரஸின் தடமும் மூன்று விரல் தடமே. வார்டில் இருப்போர் சப்பாத்தி மாவைத் தட்டி, அதில் பொம்மையின் பாதத்தை அழுத்தச் செய்யலாம். 'யார் நடந்து போனார்?' என்று கேட்டால் போதும்; கதையைக் குழந்தையே சொல்லும்.

டைனோசர் திரைப்படத்து விலங்கு மட்டுமன்று, நம் மாநிலத்திலும் வாழ்ந்தது. அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி முற்காலத்தில் கடலடியாக இருந்தது. சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் இன்றும் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளுக்கு, 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் 'பெரிய உடலுடையது' என்று பொருள்படும் 'புருஹத்காயோசாரஸ்' என்னும் பெயரிட்டனர். அவ்வெலும்புகள் பின்னர் நொறுங்கிப்போயின என்பது வருத்தத்திற்குரியது. 2009-இல் நமது சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள், செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாக அறிவித்தனர். ஆயினும் உருண்டையான கல்லெல்லாம் முட்டையாகிவிடாது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை முட்டைகள் என்று பலரும் நம்பினர். அவை கடல்வாழ் உயிரிகளைச் சுற்றி இறுகிய கற்களே என்று வல்லுநர்கள் விளக்கினர்.

எலும்பு எவ்வாறு கல்லாயிற்று என்று குழந்தை கேட்கும். ஒரு ஸ்பாஞ்சைக் கெட்டியான உப்புநீரில் ஊறவைத்து, வெயிலில் இரண்டொரு நாள் காயவையுங்கள். நீர் போய், உப்பு உள்ளே தங்கி, ஸ்பாஞ்சு விறைத்துவிடும். மண்ணில் புதைந்த எலும்பினுள்ளும் நீரோடு தாதுக்கள் புகுந்து இவ்வாறே தங்கின. கையில் மாவுக்கட்டுப் போட்டிருக்கும் குழந்தையாயின், அதன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுங்கள். டைனோசருக்கு இருந்ததைப் போலவே தனக்குள்ளும் எலும்பு இருப்பதையும், தன்னுடையது உயிருள்ளதாதலால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அது அப்போது அறிகிறது.

மருத்துவர் நடக்கச் சொல்லியும் மறுக்கும் குழந்தைக்கு ஒரு கயிறு உதவும். டைரனோசாரஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். நமது டவுன் பஸ்ஸின் நீளத்திற்குச் சற்றேறக்குறைய ஒக்கும். அவ்வளவு கயிற்றை விரித்து, வாலிலிருந்து தலைவரை நடக்கச் சொல்லுங்கள். நடந்து முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். பிறர் கால் இடறக்கூடும்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. புளியங்கொட்டை, பயறு, மணி ஆகியவற்றைச் சிறு குழந்தையின் விளையாட்டில் சேர்க்கலாகாது. அவை மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சிக்கிக்கொள்ளும். எலும்பு தோண்டும் விளையாட்டுக்கு மண்ணைப் பயன்படுத்துவது வீட்டில் நன்று. புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைகளுக்கும் ஆறாத புண் உள்ளோருக்கும் மண் வேண்டா. கிழித்த காகிதத்துள் பொம்மையைப் புதைத்துத் தேடவிடலாம். பச்சை மாவை உண்ணவிடாதீர்கள், அன்றன்றே எறிந்துவிடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடேறித் தோலைச் சுடும்; அதனுள் குழந்தையின் கையை வைத்து அச்செடுக்காதீர்கள். ட்ரிப்ஸ் ஊசி உள்ள கைக்கு ஓய்வளித்து, மற்றக் கையால் விளையாடச் செய்யுங்கள்.

இறுதியாக ஒரு கேள்வி வரும்: 'எல்லா டைனோசரும் ஏன் செத்துப்போச்சு?' சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல்லொன்று பூமியில் மோதியது. நெடுங்காலம் இருளும் குளிரும் சூழ்ந்தன. உணவின்றிப் பெரியவை மாண்டன. பறவைகளின் முன்னோர் பிழைத்தன. இவ்வளவு சொன்னால் போதும். ஆனால் கேட்கும் குழந்தையின் தாத்தாவோ தங்கையோ அடுத்த வார்டில் படுத்திருந்தால், கேள்வி டைனோசரைப் பற்றியதாக மட்டும் இராது. 'தாத்தாவை நினைத்துக் கேட்கிறாயா, கண்ணு?' என்று மெல்லக் கேளுங்கள். 'தூங்குகிறார்' என்றோ 'ஊருக்குப் போய்விட்டார்' என்றோ பொய் சொல்லாதீர்கள். அதைக் கேட்ட குழந்தை பின்பு உறங்கவே அஞ்சக்கூடும். தாத்தாவின் நோய்க்குப் பெயர் உண்டு, மருத்துவர்கள் மருந்து தருகிறார்கள், நீ செய்த எதனாலும் அது வரவில்லை என்று சொல்லுங்கள். குணமாகும் என்று உறுதியாகத் தெரியாவிடில் உறுதி கூறாதீர்கள். குழந்தை தலையாட்டிவிட்டு உடனே விளையாட்டுக்குத் திரும்பிவிடும். நாளையும் அதையே கேட்கும். அதே விடையை, அதே சொற்களில், மறுபடியும் சொல்லுங்கள்.